மூன்று நொடியில் தீர்ந்த நாற்பத்தெட்டு

19.08.1996 முதல் 14.12.2022 வரை: 20,680 நடை, 15,71,680 கி.மீ.
15.12.2022 முதல் 05.02.2024 வரை: 860 நடை, 65,360 கி.மீ.
மொத்தம்: 21,540 நடை, 16,37,040 கி.மீ.
15.12.2022-க்குப் பின் ஐம்பதைத் தாண்டியது: 0 முறை.
06.02.2024: 22 கி.மீ.; 48; 0.

இந்தக் கணக்கு நல்லகாமனுடையது. ஆரப்பாளையத்திலிருந்து உசிலம்பட்டி முப்பத்தெட்டு கிலோமீட்டர். போய்த் திரும்பினால் ஒரு நடை, எழுபத்தாறு. நாளைக்கு மூன்று நடை. நெற்றியில் 'சுஃபியா' என்று எழுதிய தனியார் பேருந்தில் அவர் முதன்முதலாக ஸ்டீயரிங் பிடித்தபோது வயது இருபத்தெட்டு. அதன் பிறகு வண்டி மூன்று முறை மாறிவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. அது முதலாளி சிஹாபுதீனின் மகள் பெயர். ஊரில் யாரும் நல்லகாமனை நல்லகாமன் என்று சொல்வதில்லை, சுஃபியா டிரைவர் என்றுதான் சொல்வார்கள். சுஃபியா கல்யாணமாகித் திருச்சிக்குப் போன பிறகும் அப்படித்தான்.

வாரத்தில் இரண்டு நாள் காசிமாயன் என்ற இன்னொரு டிரைவர் வருவார். மற்ற நாளெல்லாம் நல்லகாமன். கண்டக்டர் அருள்பாண்டி பதினோரு வருடமாக அவரோடு இருக்கிறார்.

கருமாத்தூர்ப் பள்ளிப் பிள்ளைகள் வைத்த பெயர் வேறு. 2019 ஜூலையில் ஒரு மாலை, ஏறும்போதே ஒருத்தி, "சைபர் அண்ணே, போலாம் ரைட்" என்றாள். பின்னால் வந்த பத்துப் பேரும் அதையே சொன்னார்கள். நல்லகாமனுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடம் ஒரு விபத்தில்லாமல் ஓட்டியவனைப் பார்த்துச் சைபர் என்றால்?

மறுநாள் காலை அந்தப் பள்ளியின் அறிவியல் டீச்சர் முத்துமீனா ஏறியதும் தானே வந்து ஒப்புக்கொண்டார். ஆனையூரிலிருந்து டவுன் பஸ்ஸில் ஆரப்பாளையம் வந்து, ஏழு இருபத்தைந்து சுஃபியாவைப் பிடிப்பவர். அப்போது வயது முப்பத்தாறு இருக்கும்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. கிளாஸ்ல ஒங்களத்தான் உதாரணமாச் சொன்னேன். ஒரு நாளைக்கு எம்புட்டு ஓட்டுறீங்க?"

"இருநூத்தி இருபத்தெட்டு."

"அது தொலைவு. காலைல எங்க கெளம்புறீங்க?"

"ஆரப்பாளையம்."

"கடைசியா எங்க வந்து நிக்கிறீங்க?"

"ஆரப்பாளையம்தேன்."

"கெளம்புன எடத்துக்கும் வந்து நின்ன எடத்துக்கும் நடுவுல எம்புட்டு தூரம் இருக்கு?"

அருள்பாண்டி படிக்கட்டிலிருந்து, "சைபர்!" என்று விசிலோடு சேர்த்துக் கத்தினார்.

"அதான் அண்ணே இடப்பெயர்ச்சி. எம்புட்டு சுத்துனாலும் கெளம்புன எடத்துக்கே வந்துட்டா சைபர்."

"அப்ப இருவத்தி மூணு வருஷமா நான் ஒரு எடத்துக்கும் போகலைங்கிறீங்க."

"நீங்க போகல. எங்களக் கொண்டு போய் விட்டுட்டு வந்தீங்க."

அன்றிலிருந்து சைபர் என்று கூப்பிட்டால் ஹாரனை ஒரு தட்டுத் தட்டிக் காட்டுவார்.

அந்தக் காலத்தில் அவர் ஓட்டின விதமே தனி. செக்கானூரணி தாண்டினால் ரோடு நீட்டுக்குக் கிடக்கும். அங்கே அறுபதுவரை விடுவார். ஆனால் ஸ்டாப் கண்ணுக்குத் தெரியும் முன்பே காலை எடுத்துவிடுவார். வண்டி தானாகத் தளர்ந்து, ஊர்ந்து, நிற்கும். நின்றது தெரியாமல் தூங்கிக்கொண்டிருப்பவர்களை அருள்பாண்டிதான் தட்டி எழுப்ப வேண்டும்.

2022 டிசம்பரில் சிஹாபுதீன் பாய் வண்டியில் ஒரு கருவி பொருத்தினார். வேகமாகப் போய் மரத்தில் மோதிய பஸ்களைப் பற்றிப் பத்திரிகையில் படித்துப் படித்து அவருக்குத் தூக்கம் கெட்டுப்போயிருந்தது. கருவி நொடிக்கு ஒருமுறை வேகத்தைக் குறிக்கும். ஐம்பதைத் தாண்டினால் டாஷ்போர்டுக்கு அடியில் கீச் கீச் என்று கத்தும். பாயின் போனிலும் பதியும். அருள்பாண்டி அதற்குக் 'குருவி' என்று பெயர் வைத்தார். ஒரு மாதம் முழுக்கக் குருவி கத்தாவிட்டால் டிரைவருக்கு ஓர் எவர்சில்வர் பாத்திரம் பரிசு.

நல்லகாமன் வண்டியில் குருவி ஒருநாளும் கத்தவில்லை. 2024 ஜனவரி முடிய பதின்மூன்று பாத்திரம் வீட்டுக்கு வந்தது.

அவர் மனைவி இருளாயி பதின்மூன்றாவதாக வந்த அடுக்கு டிபன் கேரியரைப் பரணில் ஏற்றிக்கொண்டே, "இன்னும் நாலு மாசம் போனா வாசல்ல பாத்திரக் கடை போட்டுருவேன். நீ இப்பிடியே ஓட்டு" என்றாள்.

ஆனால் பாய் வேகத்தைக் குறைத்தாரே தவிர நேரத்தைக் கூட்டவில்லை. அறுபது ஐம்பதானது, உசிலம்பட்டி போய்ச் சேர வேண்டிய எழுபது நிமிடம் எழுபதாகவே இருந்தது. நாலு நிமிடம் பின்னால் இன்னொரு கம்பெனி வண்டி வரும். உசிலம்பட்டியில் ஒரு நிமிடம் பிந்தினாலும் அவர்கள் வந்து சண்டைக்கு நிற்பார்கள். வேகத்தில் பிடிக்க முடியாததை நல்லகாமன் ஸ்டாப்பில் பிடித்தார். ஸ்டாப்பின் வாசல்வரை ஐம்பதை ஒட்டியே போய் ஒரே மிதி. ஆள் ஏறியதும் ஒரே இழுப்பு. இருபத்திரண்டு ஸ்டாப்பிலும் அப்படித்தான். யோசித்துச் செய்ததில்லை, குருவியையும் கடிகாரத்தையும் சமாளிக்கக் கால் தானாகக் கற்றுக்கொண்டது.

2024 பிப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை, முதல் நடை. கருமாத்தூரில் இறங்க வேண்டிய முத்துமீனா டீச்சர் வழக்கம்போல ஸ்டாப்புக்கு முன்பே எழுந்து நின்றார். தோளில் பை, வலது கையில் திருத்திய விடைத்தாள் கட்டு, இடது கை மேல் கம்பியில். மணி எட்டு ஆறு. நல்லகாமன் மிதித்தார். கம்பியைப் பிடித்திருந்த கை வழுக்கியது. டீச்சர் மூன்று சீட்டு தூரம் முன்னால் வந்து, என்ஜின் பெட்டியின் விளிம்பில் வலது கையை ஊன்றி விழுந்தார். விடைத்தாள்கள் நல்லகாமனின் காலடிவரை சிதறின. மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது.

இருபத்தேழு வருடத்தில் அவர் வண்டியில் ரத்தமோ முறிவோ அதுதான் முதல்முறை.

பாய் அன்று மாலையே கருவியின் தாளை அச்செடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தும் செட்டுக்கு வந்தார். "யா அல்லாஹ், நான் பயந்தே போயிட்டேன். பாரு நல்லகாமா, நாப்பத்தெட்டு! அம்பதுக்குள்ளதான் இருக்கு. மெஷினே சாட்சி. ஒன் மேல ஒரு குத்தமும் இல்ல."

"டீச்சர் கம்பிய விட்டுருச்சு போல பாய்" என்றார் அருள்பாண்டி. அவர் படிக்கட்டில் இருந்தார், எதையும் பார்த்திருக்கவில்லை.

மூன்று நாள் கழித்து, விபத்துப் பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில் 'பயணியின் கவனக்குறைவு' என்று எழுதப்பட்டது. நல்லகாமன் கீழே கையெழுத்துப் போட்டார். தேதி 09.02.2024. பேனாவை மூடும்போது அவருக்கு ஓர் ஆறுதல்கூட இருந்தது. மெஷின் பொய் சொல்லாது அல்லவா.

டீச்சரை நலம் விசாரிக்கப் போன அருள்பாண்டி வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் பதிவேட்டில் எழுதியதைச் சொல்லிவிட்டு வந்தார். அவர் போய்வந்த மூன்றாம் நாள் பாய்க்கு டீச்சரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இடது கையால் எழுதிய கோணல் எழுத்து, நான்கே வரி. 'நான் கம்பியைப் பிடித்திருந்தேன். என் கவனக்குறைவு என்று எழுதியிருப்பது உண்மையில்லை. எட்டு ஆறுக்கு வண்டியின் வேகம் நொடிநொடியாக என்ன என்ற தாளை அனுப்பி வையுங்கள்.' பாய் தயங்கவில்லை. தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்ற தெம்பில் தாளை அருள்பாண்டியிடம் கொடுத்தனுப்பினார்.

பத்தொன்பதாம் தேதி மறு கடிதம் வந்தது. பாய் அதை இரண்டு முறை படித்துவிட்டு நல்லகாமனிடம் நீட்டினார். "ஒன்னப் பத்தித்தான் எழுதியிருக்கு. எனக்கு ஒன்னும் வெளங்கல. நாப்பத்தெட்டு அம்பதுக்குக் கீழதானப்பா?"

கடிதத்தில் இருந்தது இது:

'நாற்பத்தெட்டில் பிழையில்லை. நான் தினமும் நாற்பத்தெட்டில்தான் நின்றுகொண்டு வருகிறேன், ஒன்றும் ஆனதில்லை. வேகம் யாரையும் தள்ளாது. ஆனால் உங்கள் தாளில் எட்டு ஆறு நான்கு நொடிக்கு 48. எட்டு ஆறு ஏழு நொடிக்கு 0. நாற்பத்தெட்டும் மூன்று நொடியில் தீர்ந்திருக்கிறது. நொடிக்குப் பதினாறு. வேகம் மாறுகிற இந்த விரைவுக்குப் பாடத்தில் முடுக்கம் என்று பெயர், குறைகிறபோது எதிர்முடுக்கம். உங்கள் கருவி வேகத்துக்குத்தான் கத்தும், இதற்குக் கத்தாது. திசைவேகம் என்று இன்னொன்று உண்டு. வேகத்தோடு எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்வது. என்னுடையது நாற்பத்தெட்டு, உசிலம்பட்டிப் பக்கம். பஸ் கருமாத்தூரில் நின்றுவிட்டது. நான் மட்டும் உசிலம்பட்டிக்குப் போய்க்கொண்டிருந்தேன்.'

கடைசி வரியில் நல்லகாமனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த கையோடு வலது கால் பாதம் குறுகுறுத்தது. அந்த மூன்று நொடியை அந்தக் காலுக்குத் தெரியும்.

"வெளங்குச்சா?" என்றார் பாய்.

"யோசிச்சுச் சொல்றேன் பாய்."

பிப்ரவரி 22, வியாழன், அவருக்கு ஓய்வு நாள். காசிமாயன் வண்டி எடுக்கிற நாள். நல்லகாமன் சட்டை மாற்றிக்கொண்டு ஆரப்பாளையம் போய், ஏழு இருபத்தைந்து சுஃபியாவில் டிக்கெட் எடுத்து ஏறினார். சீட் காலியாக இருந்தும் உட்காரவில்லை. டீச்சர் நின்ற இடத்தைக் கணக்குப் பண்ணி, இடது கையால் மேல் கம்பியைப் பிடித்து நின்றார்.

"என்ன மாப்ள, வேவு பாக்க வந்தியா?" என்று காசிமாயன் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்.

"நீ ஓட்டு மாப்ள. எப்பவும் போல ஓட்டு."

இத்தனை வருடத்தில் நல்லகாமன் தன் வண்டியில் நின்று வந்ததேயில்லை. உட்கார்ந்திருக்கும் இடம் ஒன்றுதான். பிடித்திருக்கும் சக்கரம் ஒன்றுதான். பிரேக் விழப்போவது மிதிக்கிறவனின் உடம்புக்கு முன்கூட்டியே தெரியும். முதுகு சாய்ந்துகொள்ளும், கை இறுகிக்கொள்ளும். நிற்கிறவனுக்கு யார் சொல்வது? காளவாசலில் முதல் மிதி விழுந்தபோது கம்பி அவர் உள்ளங்கையைத் திருகியது. நாகமலைப் புதுக்கோட்டையில் தோள்பட்டை வலித்தது. செக்கானூரணியில் கால் தரையிலிருந்து பெயர்ந்து, முன்னால் காய்கறிக் கூடையோடு நின்ற அம்மாள் மேல் போய் விழுந்தார்.

அந்த அம்மாள் கூடையை ஒரு கையில் காப்பாற்றிக்கொண்டு மறு கையால் அவரை நிமிர்த்தி, "என்னண்ணே, காலங்காத்தாலயேவா?" என்றாள். பின் சீட்டில் சிரிப்பு.

"இல்லத்தா. குடிக்கிறதில்ல."

"குடிக்காமயா இந்த ஆட்டம் ஆடுறீக?"

காசிமாயன் தவறாக ஓட்டவில்லை; குருவிக்கும் கடிகாரத்துக்கும் நடுவில் எப்படி ஓட்ட வேண்டுமோ அப்படித்தான் ஓட்டினார். தன்னைப் போலவே. கருமாத்தூர் வருவதற்குள் நல்லகாமன் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். டீச்சருக்கு ஒரு கைதான் இருந்தது. மறு கையில் பிள்ளைகளின் விடைத்தாள்.

இருபத்தாறாம் தேதி திங்கட்கிழமை, இரண்டாம் நடை முடிந்து அவர் பாயின் அலுவலகத்துக்குப் போனார். "பாய், அந்தப் பதிவேட்ட எடுங்க."

'பயணியின் கவனக்குறைவு' என்பதை ஒற்றைக் கோடாக அடித்து, மேலே எழுதினார்: 'ஓட்டுநர் பிரேக்கை மிதமிஞ்சி மிதித்தது.' கையெழுத்து, தேதி.

பாய் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துப் படித்தார். "ஒனக்குக் கிறுக்கா? மெஷின் ஒன்னக் காப்பாத்துது. நீயா வந்து தலையக் குடுக்குற."

"அந்தப் புள்ள கம்பியப் பிடிச்சிருந்துச்சு பாய். நான் நின்னு பாத்துட்டேன்."

"இத நான் அலமாரில வச்சுப் பூட்ட முடியாது தெரியுமில்ல? ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அனுப்பியாகணும். லைசென்சு போனா? அம்பத்தாறு வயசுல ஒனக்கு இன்னொரு தரம் யாரு குடுப்பா?"

"தெரியும் பாய்."

"சுஃபியாவுக்கு மூணு வயசுலருந்து நீதான் ஓட்டுற" என்றார் பாய். எந்தச் சுஃபியாவைச் சொன்னார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. மறுநாள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கடிதம் தபாலில் போனது. பதில் வரும்வரை, மார்ச் முதல் தேதியிலிருந்து நல்லகாமனுக்குச் செட்டில் வேலை: டயர் பார்ப்பது, கிரீஸ் வைப்பது, பிரேக் சோதிப்பது.

இருளாயி அழவில்லை. பரணிலிருந்த பதின்மூன்று பாத்திரத்தையும் இறக்கி, துடைத்து, மறுபடி ஏற்றினாள். பிறகு, "அந்த டீச்சருக்கு எலும்பு கூடுச்சாமா?" என்று மட்டும் கேட்டாள்.

நல்லகாமனுக்கு ஒரே பயம்தான் இருந்தது. இனிமேல் ஸ்டீயரிங்கைத் தொடவே முடியாதோ என்ற பயம். தண்டனையோ சம்பளமோ அவர் மனசில் இரண்டாவதுதான். காலை ஏழு இருபத்தைந்துக்குச் செட்டில் எந்த வேலையில் இருந்தாலும் கை நின்றுவிடும். எட்டு ஐந்துக்கு, 'கருமாத்தூர்' என்று வாய் முணுமுணுக்கும்.

மார்ச் 9, சனிக்கிழமை, முத்துமீனா டீச்சர் கையில் கட்டும் கழுத்தில் தொங்கலுமாகப் பாயின் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். நல்லகாமனைக் கிரீஸ் கையோடு பார்த்ததும் முகம் மாறியது.

"இவர எறக்கி விடவா பாய் நான் கணக்குப் போட்டேன்? எம்மேல தப்பில்லன்னு சொல்லத்தான எழுதுனேன்."

"நீங்க சொன்னது சரிதான டீச்சர்" என்றார் நல்லகாமன். "நான் நின்னு பாத்தேன். ஒரு அம்மா நான் குடிச்சிருக்கேன்னுருச்சு."

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பாய் பக்கம் திரும்பினார். "ஏன் அப்பிடி மிதிக்கிறாங்கன்னு கேட்டீங்களா?"

"நேரம் பத்தலம்மா. மெதுவா நிறுத்துனா எட்டு நிமிஷம் பத்து நிமிஷம் பிந்தும். பின்னால வர்றவன் சும்மா இருப்பானா?"

"எட்டு நிமிஷம்னு யாரு சொன்னா?"

பாய் நல்லகாமனைப் பார்த்தார். நல்லகாமன் கூரையைப் பார்த்தார். யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. எழுபது நிமிடம் போதாது என்ற எண்ணம் மட்டும் எல்லோருக்கும் இருந்தது.

டீச்சர் மேசையிலிருந்த டிக்கெட் புத்தகத்தின் பின்னட்டையில் இடது கையால் எழுதினார். "நாப்பத்தெட்டுல வந்து பன்னெண்டு நொடில மெதுவா நிப்பாட்டுனா, அதுக்குள்ள வண்டி எம்பது மீட்டர் போகும். அதே எம்பது மீட்டர, கடைசிவர ஓடி வந்து மூணு நொடில மிதிச்சு நிப்பாட்டுனா மொத்தம் ஏழர நொடி ஆகும். லாபம் எம்புட்டு? நாலர நொடி. கெளம்புறப்ப இழுக்கிறதுல ஒரு நொடி வச்சுக்கங்க. அஞ்சர. எத்தன ஸ்டாப்பு?"

"இருவத்திரண்டு" என்றார் நல்லகாமன்.

"நூத்தி இருவத்தியொரு நொடி."

பாய் விரல் விட்டு எண்ணினார். "ரெண்டு நிமிஷமா?"

"ரெண்டு நிமிஷம் ஒரு நொடி."

"ரெண்டு நிமிஷத்துக்கா இம்புட்டும்?" என்றார் நல்லகாமன். சத்தம் வெளியே வந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. கிரீஸ் படிந்த கைகளை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. டீச்சரின் கட்டுப் போட்ட கை அவருக்கு ஒரு முழம் தூரத்தில் இருந்தது.

பாய் நம்பவில்லை. காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் வரும் என்றார். அதனால் மார்ச் 17, ஞாயிறு காலை, ஆளில்லாத வண்டியை வெள்ளோட்டம் விட்டார்கள். நல்லகாமன் ஓட்டினார், லைசென்ஸ் அப்போது அவர் கையில்தான் இருந்தது. பாயும் டீச்சரும் உட்காராமல் நின்றார்கள். அருள்பாண்டி இருபத்திரண்டு ஸ்டாப்பிலும் விசில் அடித்து, முப்பது நொடி எண்ணி, ரைட் கொடுத்தார். ஆளே இல்லாத ஸ்டாப்பில் "எறங்கு, எறங்கு, கைப்புள்ளையப் பாத்து எறக்கு" என்று சத்தம் வேறு.

நல்லகாமன் ஸ்டீயரிங்கில் கை வைத்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆனால் கால் பழையதை மறக்கவில்லை. எண்பது மீட்டர் முன்பே லேசாக அழுத்தி, பன்னிரண்டுவரை எண்ணிக்கொண்டே நிறுத்தினார். கருமாத்தூரில் பாய் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பப்பா நிறுத்தப்போற?"

"நின்னு பத்து நொடி ஆச்சு பாய்."

பாய் தன் காலைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார் மெல்ல.

உசிலம்பட்டியில் நின்றபோது எழுபத்திரண்டு நிமிடம் பதின்மூன்று நொடி. டீச்சர் சொன்னதைவிடப் பன்னிரண்டு நொடி கூடுதல். "அது என் கணக்குல இல்ல" என்றார் டீச்சர். "நாகமலைல ஆடு குறுக்க வந்துச்சுல்ல, அது."

அன்றே பாய் பின்வண்டிக்காரரைப் பார்த்துப் பேசி இரண்டு நிமிடம் கேட்டு வாங்கினார். குருவிக்கு இன்னொரு பாடமும் சொல்லிக் கொடுத்தார்: வேகம் சட்டென்று விழுந்தாலும் கத்த வேண்டும். பாத்திரப் பரிசு நின்றது. இதெல்லாம் வண்டிக்கு ஆனது. போட்ட தபாலை மட்டும் திரும்ப எடுக்க முடியவில்லை.

மார்ச் 22-இல் ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து முதல் கடிதம் வந்தது: உரிமத்தை ஒப்படைக்கவும். நல்லகாமன் அன்று மாலையே கொடுத்துவிட்டு வந்தார். ஏப்ரல் 16-இல் இரண்டாவது: மே 3 அன்று விசாரணைக்கு வரவும். டீச்சரும் வந்தார், கட்டுப் பிரித்த கையில் தன் கணக்குத் தாளோடு.

"நாற்பத்தெட்டில்தானே போனீர்கள்? பிறகு ஏன் உங்கள் மேலேயே எழுதிக் கொடுத்தீர்கள்?" என்று அதிகாரி கேட்டார்.

"நாப்பத்தெட்டுல தப்பு இல்லைங்கய்யா. மூணு செகண்டுலதான் தப்பு."

அதிகாரி தாளை வாங்கிப் படித்தார். முடிவு கடிதத்தில் வரும் என்றார்.

ஜூன் 10, பள்ளி திறந்த நாள். காசிமாயன் ஓட்டிய சுஃபியாவில் டீச்சர் ஏறினார். பத்தரை மணிக்கு முதல் நடை முடிந்ததும் அருள்பாண்டி நேரே செட்டுக்கு ஓடி வந்தார். "அண்ணே, டீச்சர் வந்தாங்க. சீட்டு இருந்துச்சு, உக்காரல. நின்னுக்கிட்டே வந்தாங்க."

"எந்தக் கையில பிடிச்சாங்க?"

"அதப் பாக்கலையே."

"போடா, போய்ப் பாத்துட்டு வா" என்று விரட்டிவிட்டு, நல்லகாமன் பிரேக் டிரம்முக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

ஜூன் போனது. ஜூலையும் பாதி போனது. ஒரு நாள் காசிமாயன் வந்து, "மாப்ள, பன்னெண்டு எண்ணி எண்ணி எனக்குக் கனவுலயும் எண்ணிக்கை ஓடுது. சீக்கிரம் வந்து ஒன் வண்டிய வாங்கிக்க" என்றார். நல்லகாமன் சிரித்தார். உரிமமே வராமல் போனால் என்ன செய்வது என்று அவரிடம் சொல்லவில்லை. இருளாயியிடம் சொன்னார்.

"வராமப் போகும்னு தெரிஞ்சிருந்தா அந்த வரிய எழுதாம இருந்திருப்பியா?" என்று கேட்டாள் அவள்.

அவர் யோசித்தார். "எழுதித்தான் இருப்பேன்."

"அப்பறம் என்ன? சாப்புடு."

மூன்றாவது கடிதம் வந்தபோது நல்லகாமன் சாப்பிடக்கூட வந்திருக்கவில்லை. இருளாயியே கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரிக்காமல், செட்டுக்கு எடுத்துக்கொண்டு நடந்தாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தார். உரிமம் நான்கு மாதத்துக்கு நிறுத்தி வைக்கப்பட்டது, 22.03.2024 முதல் 21.07.2024 முடிய. 22.07.2024 முதல் அவர் வாகனம் ஓட்டலாம்.

அவர் அதை ஒருமுறை மனசுக்குள் படித்தார். மறுமுறை வாய்விட்டு, தேதிகளை மட்டும்.

"இருவத்திரண்டு என்ன கெழம?" என்றாள் இருளாயி.

"திங்கக்கெழம. நீயும் மொத வண்டிக்கு வா."

"உக்காரவா, நிக்கவா?"

"நில்லு."

கடிதம் வந்து சேர்ந்த தேதி: 18.07.2024, வியாழக்கிழமை.